மரம் எத்தனை? பால் எவ்வளவு?

கடைக்கு ஒரு பிள்ளையை அனுப்பிப் பாருங்கள். "முட்டை எத்தனை வாங்கணும்மா? சீனி எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டுதான் சைக்கிளை எடுக்கும். "எத்தனை சீனி?" என்று கேட்கும் தமிழ்ப் பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. இந்தத் தெளிவு பள்ளிக்கூட வாசலை மிதிக்கும் முன்பே அதற்கு வந்துவிடுகிறது. யாரும் பலகையில் எழுதிச் சொல்லிக்கொடுத்ததில்லை.

அதே பிள்ளை ஆறாம் ஆண்டில் ஆங்கிலப் பயிற்சித் தாளை எடுத்தால் "ஹவ் மெனி சுகர்?" என்று எழுதுகிறது. "மெனி ஹோம்வொர்க்ஸ்", "மச் ஸ்டூடண்ட்ஸ்", "டூ ஃபர்னிச்சர்ஸ்" என்று வரிசையாகப் பிழைகள் வருகின்றன. ஆசிரியர் சிவப்புப் பேனாவால் சுழித்துக்கொண்டே போகிறார். நாலு தாள் இப்படித் திரும்பி வந்தால், "எனக்கு இங்கிலீஷ் வராது டீச்சர்" என்று அந்தப் பிள்ளை தனக்குத்தானே தீர்ப்பு எழுதிவிடுகிறது. அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

நான் தமிழ்ப்பள்ளிகளில் ஆங்கிலம் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவள். இன்றும் மலாக்காவின் மஸ்ஜித் தானாவில் என் வீட்டு முன்கூடத்தில் மாலை வகுப்பு நடக்கிறது. 'மச்', 'மெனி' விஷயத்தில் நம் பிள்ளைகளுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியது மிகக் குறைவு என்பதே என் உறுதியான எண்ணம். தமிழில் அவர்கள் ஏற்கெனவே அறிந்து வைத்திருப்பதை அவர்களுக்கே எடுத்துக் காட்டினால் முக்கால் வேலை முடிந்துவிடும். மீதிக் கால் பங்குக்குத்தான் உழைப்பு வேண்டும்.

பெரட்டும் பால் ஸ்டோரும்

அலோர் காஜா வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவள் நான். அம்மா பால்மரம் வெட்டினார். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் அவரவர் நிரைக்குப் போவார்கள். நிரை என்றால் மரக் கணக்கு. இந்த ஆளுக்கு இத்தனை மரம், மரத்துக்குப் பால் வடிய ஒரு மங்கு. எல்லாமே எண்ணிக்கை.

வெட்டி முடித்து, பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குச் சுமந்து போனதும் கணக்கின் முறையே மாறிவிடும். பாலை யாரும் எண்ணுவதில்லை; அளப்பார்கள், நிறுப்பார்கள். அதில் ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்க்க மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலுக்குள் விடுவார்கள். மங்கில் உறைந்த ஒட்டுப்பாலும் தராசுக்குத்தான் போகும். மரம் எத்தனை, பால் எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளுக்குள் ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலி அடங்கியிருந்தது.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அறுத்துப் போட்ட குலைகளை எண்ணிக் கணக்கு வைத்தார்கள். குலையிலிருந்து உதிர்ந்து தரையில் கிடந்த பழத்தைப் பொறுக்கிச் சாக்கில் கட்டி நிறுத்தார்கள். பழம் ஒன்றுதான். குலையாக நிற்கும்போது அதற்கு எண்ணிக்கை, உதிரியாகச் சாக்குக்குள் போனால் நிறுவை. நாம் அதைத் தனித்தனி உருப்படியாகப் பார்க்கிறோமா, ஒரே குவியலாகப் பார்க்கிறோமா என்பதைப் பொறுத்தே கேள்வி மாறுகிறது.

'மெனி', 'மச்' இரண்டுக்கும் உள்ள வேறுபாடும் இவ்வளவுதான். உருப்படியாகப் பிரித்து எண்ணினால் 'மெனி': மெனி ட்ரீஸ், மெனி கப்ஸ், மெனி வொர்க்கர்ஸ். குவியலாகப் பார்த்து அளந்தால் 'மச்': மச் லேட்டெக்ஸ், மச் ரெய்ன், மச் ரைஸ்.

நம் முன்னோர் அளவைகளை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று நான்காகப் பிரித்தார்கள். எண்ணுவது, தராசில் நிறுப்பது, படியால் முகப்பது, கோலால் நீட்டி அளப்பது. ஆங்கிலம் இந்த நான்கையும் இரண்டு பக்கமாக நிறுத்திவிட்டது. எண்ணல் ஒரு பக்கம் தனியாக 'மெனி'யோடு நிற்கிறது. நிறுக்கும் அரிசி, முகக்கும் எண்ணெய், நீட்டி அளக்கும் துணி மூன்றும் மறுபக்கம் 'மச்'சோடு நிற்கின்றன. டென்மார்க் நாட்டு மொழியறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் 1924-ல் வெளியிட்ட இலக்கணத் தத்துவ நூலில் இவற்றை எண்ணத்தக்க சொற்கள் என்றும் திரள் சொற்கள் என்றும் பிரித்துப் பேசினார். திரள் என்பது பொருத்தமான பெயர்.

"பணத்தை எண்ணுகிறோமே டீச்சர், ஏன் 'ஹவ் மச் மணி'?" என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு பிள்ளையாவது கேட்கும். நல்ல கேள்வி. நாம் எண்ணுவது வெள்ளியை, நோட்டை, காசை. தமிழிலும் "எவ்வளவு பணம்" என்றும் "எத்தனை வெள்ளி" என்றும்தான் கேட்கிறோம். ஆங்கிலமும் அப்படியே: ஹவ் மச் மணி, ஹவ் மெனி ரிங்கிட். நேரமும் இதே வழியில் போகும். எவ்வளவு நேரம் என்றால் மச் டைம். எத்தனை மணி நேரம் என்றால் மெனி ஹவர்ஸ். எத்தனை தடவை என்றால் மெனி டைம்ஸ். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டும்போது பிள்ளைகளின் முகம் தெளிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மூன்று மொழிகளுக்கு நடுவே

தெரிந்த விஷயத்தில் பிள்ளை ஏன் தடுமாறுகிறது? முதல் காரணம், நம் பிள்ளைகள் ஒரே நாளில் மூன்று மொழிகளுக்குள் போய்வருகிறார்கள். மலாயில் ஆள் எத்தனை என்றாலும் விலை எவ்வளவு என்றாலும் 'பெராப்பா' போதும். ஆள் நிறைய என்றாலும் தண்ணீர் நிறைய என்றாலும் 'பாஞாக்'. ஆங்கிலப் பாடத்தை மலாய் வழியாக மனத்துக்குள் மாற்றிப் பார்க்கும் பிள்ளைக்கு இரண்டு கேள்வியும் ஒன்றாகிவிடுகிறது. அங்கே நாம் தமிழைக் கையில் கொடுத்திருந்தால் குழப்பமே வந்திருக்காது.

இரண்டாவது காரணம் தமிழிலேயே இருக்கிறது. "பத்து தேங்காய்", "நாலு முட்டை" என்று சொல்வதுதான் நமக்கு இயல்பு. 'கள்' போட வேண்டிய கட்டாயமில்லை. ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்கும் இத்தகைய பெயரை நன்னூல் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது. அந்தப் பழக்கத்தில் பிள்ளை "டென் கோகனட்" என்று எழுதும். ஆசிரியர் "எஸ் எங்கே?" என்று கேட்பார். பயந்துபோன பிள்ளை அடுத்த தாளில் எல்லாவற்றுக்கும் 'எஸ்' போட்டுவிடும். இன்ஃபர்மேஷன்ஸ், எக்விப்மெண்ட்ஸ், லக்கேஜஸ் எல்லாம் இப்படிப் பிறந்தவைதான். இந்த இரண்டு பிழையையும் ஒரே விதி தீர்க்கும்: 'மெனி' வந்தால் பின்னால் பன்மை கட்டாயம், 'மச்' வந்தால் பன்மை கூடவே கூடாது.

அளவுச் சொல் எவ்வளவு வலிமையானது என்பதற்கு ஒரு பழைய ஆய்வு சான்று. 1957-ல் அமெரிக்க உளவியலாளர் ரோஜர் பிரவுன், பள்ளிப் பருவத்தை எட்டாத சிறு குழந்தைகளுக்கு ஒரு படம் காட்டினார். ஒரு பாத்திரத்தில் ஏதோ ஒன்றை இரண்டு கைகள் பிசைகின்றன. 'சிப்' என்ற பொருளற்ற சொல்லைச் சொல்லிக் கேட்டார். "எ சிப்" என்றபோது பெரும்பாலான குழந்தைகள் பாத்திரம் போன்ற உருப்படியைச் சுட்டினார்கள். "சம் சிப்" என்றபோது பிசையப்பட்ட திரளைச் சுட்டினார்கள். சொல்லின் பொருள் தெரியாமலேயே, முன்னால் நின்ற சின்னச் சொல்லை வைத்து அது உருப்படியா திரளா என்று கண்டுகொண்டார்கள். இந்தச் சின்னச் சொற்களை இலக்கணப் பயிற்சியின் மூலையில் ஒதுக்கிவிடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

மூன்று வரிசை

பிள்ளைகளுக்கு நான் மூன்று வரிசையாகப் பிரித்து எழுதச் சொல்வேன்.

எண்ணுகிறவற்றுக்கு மட்டும்: மெனி, ஃபியூ, எ ஃபியூ, ஃபியூவர், செவரல், எ நம்பர் ஆஃப்.

அளக்கிறவற்றுக்கு மட்டும்: மச், லிட்டில், எ லிட்டில், லெஸ், எ கிரேட் டீல் ஆஃப், அன் அமவுண்ட் ஆஃப்.

இரண்டுக்கும் பொது: சம், எனி, மோர், மோஸ்ட், ஆல், இனஃப், எ லாட் ஆஃப், பிளெண்ட்டி ஆஃப்.

மூன்றாவது வரிசைதான் நெருக்கடியில் கைகொடுக்கும். தமிழில் 'நிறைய' என்ற சொல் ஆளுக்கும் வரும், தண்ணீருக்கும் வரும். ஆங்கிலத்தில் அந்த இடம் 'எ லாட் ஆஃப்' உடையது. எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்தால் அதைப் போடலாம், தவறாகாது. இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 'மச்' பெரும்பாலும் கேள்வியிலும் மறுப்பிலும்தான் இயல்பாக ஒலிக்கும். "ஐ டோன்ட் ஹேவ் மச் டைம்" சரியாக இருக்கும். "ஐ டிரிங்க் மச் வாட்டர்" என்றால் இலக்கணம் சரி, காதுக்கு ஒட்டாது. அங்கே "எ லாட் ஆஃப் வாட்டர்" என்பதுதான் பேச்சு வழக்கு.

'தான்' செய்யும் வேலை

இந்தப் பாடத்தில் பெரியவர்களும் சறுக்கும் இடம் 'லிட்டில்', 'எ லிட்டில்' வேறுபாடு. ஒரு 'எ' இருப்பதும் இல்லாததும் பொருளையே புரட்டிவிடும்.

1991-ல் டுரியான் துங்கால் அணை வற்றி, மலாக்கா மக்கள் தண்ணீர்ப் பங்கீட்டில் தவித்ததை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது இரண்டு வீடுகளில் ஒரே அளவு தண்ணீர் இருக்கலாம். ஒரு வீட்டில் "தண்ணீர் கொஞ்சம் இருக்கு, சமைச்சிடலாம்" என்பார்கள். அது 'எ லிட்டில் வாட்டர்'. பக்கத்து வீட்டில் "தண்ணீர் கொஞ்சம்தான் இருக்கு, என்ன செய்யப் போறோம்" என்பார்கள். அது 'லிட்டில் வாட்டர்'. வாளியில் இருக்கும் அளவு மாறவில்லை, பார்வை மாறிவிட்டது. முதலாவது இருப்பதைச் சொல்கிறது, இரண்டாவது இல்லாததைச் சொல்கிறது. தமிழில் 'தான்' செய்யும் வேலையை ஆங்கிலத்தில் 'எ' இல்லாமை செய்கிறது.

'ஃபியூ', 'எ ஃபியூ' இரண்டும் அதே கணக்கு. கூட்டத்துக்குச் சிலர் வந்தார்கள் என்றால் 'எ ஃபியூ பீப்பிள் கேம்'. வந்தவர்கள் சிலர்தான் என்று வருத்தப்பட்டால் 'ஃபியூ பீப்பிள் கேம்'.

இது பரீட்சை மதிப்பெண்ணோடு முடிகிற விஷயமில்லை. எங்கள் மஸ்ஜித் தானா வட்டாரத்து லொண்டாங்கில் மலாக்கா மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது. அங்கே போய் அறிவியல் படிக்கப்போகும் பிள்ளை "லிட்டில் ஹீட் இஸ் லாஸ்ட்" என்று படித்துவிட்டு, கொஞ்சம் வெப்பம் வெளியேறுகிறது என்று புரிந்துகொண்டால் கணக்கே தலைகீழாகும். வெப்பம் ஏறக்குறைய வெளியேறவே இல்லை என்பது அதன் பொருள். மருந்து பற்றிய குறிப்பில் "லிட்டில் இம்ப்ரூவ்மெண்ட்" என்று இருந்தால் குணமாகவில்லை என்று அர்த்தம். அதைக் கொஞ்சம் குணம் தெரிகிறது என்று வாசித்தால் ஆபத்து.

உழைக்க வேண்டிய கால் பங்கு

தமிழும் ஆங்கிலமும் ஒத்துப்போகாத சொற்களும் உண்டு. தமிழில் தகவல்கள், அறிவுரைகள், செய்திகள், வீட்டுப்பாடங்கள், நகைகள், ஆதாரங்கள், ஆய்வுகள் எல்லாம் எண்ணத்தக்கவை. ஆங்கிலத்தில் இன்ஃபர்மேஷன், அட்வைஸ், நியூஸ், ஹோம்வொர்க், ஜூவல்லரி, எவிடன்ஸ், ரிசர்ச் எல்லாம் திரள். 'நியூஸ்' முடிவில் 'எஸ்' ஒலித்தாலும் ஒருமைதான். மேசை, நாற்காலி, அலமாரி தனித்தனியாக எண்ணத்தக்கவை; மூன்றையும் சேர்த்து ஃபர்னிச்சர் என்றதும் திரளாகிவிடும். மலேசியாவில் கடைப் பலகைகளிலேயே 'ஃபர்னிச்சர்ஸ்' என்று எழுதியிருப்பதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். அது இங்கே வழக்கத்தில் இருக்கலாம், தேர்வுத் தாளில் செல்லாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. வெங்காயம், மிளகாய், பருப்பு எல்லாவற்றையும் நாம் "எவ்வளவு?" என்றே கேட்போம். ஆங்கிலம் ஆனியன்ஸ், சில்லீஸ், லெண்டில்ஸ் என்று எண்ணிக்கைப் பக்கம் வைக்கிறது. அரிசி மட்டும் திரள், அதைவிடப் பெரிதும் இல்லாத பருப்பு உருப்படி. இதற்குத் தர்க்கம் தேடிப் பயனில்லை. பட்டாணிக்கு ஆங்கிலத்தில் 'பீஸ்' என்ற பழைய சொல் ஒரு காலத்தில் திரளாகத்தான் இருந்தது. கடைசியில் ஒலித்ததைப் பன்மை 'எஸ்' என்று மக்கள் கருதிக்கொண்டதால், 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் 'பீ' என்ற ஒருமை பிறந்தது. மொழி மக்கள் வாயில் வளர்வது. இத்தகைய சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.

எண்ண முடியாததை எண்ணியாக வேண்டுமானால் ஓர் அளவைத் துணைக்கு அழைக்க வேண்டும். தமிழில் இது நமக்குக் கைவந்தது: ஒரு சிட்டிகை உப்பு, ஒரு மிடறு தண்ணீர், ஒரு முழம் பூ, ஒரு சீப்பு வாழைப்பழம். மலாய்ப் பாடத்தில் பெஞோடோ பிலாங்கான் என்று பிள்ளைகள் படிப்பதும் ஏறக்குறைய இதுவே: செபிஜி தெலூர், செஹெலாய் கெர்த்தாஸ். ஆங்கிலத்தில் எ பீஸ் ஆஃப் அட்வைஸ், எ கிரெய்ன் ஆஃப் ரைஸ், எ ஷீட் ஆஃப் பேப்பர், எ லோஃப் ஆஃப் பிரெட். இந்த இடத்தில் மலாய் உதவிக்கு வருகிறது. உதவியை ஏற்றுக்கொள்ளலாம்.

சில சொற்கள் இரண்டு பக்கமும் நிற்கும். எங்கள் வட்டாரத்துக்கே உரிய எடுத்துக்காட்டு 'ரப்பர்'. தோட்டத்தில் விளையும் ரப்பர் திரள்: மச் ரப்பர். பென்சில் பெட்டிக்குள் இருக்கும் அழிப்பான் உருப்படி: டூ ரப்பர்ஸ். கோப்பி திரள், கடையில் "டூ காஃபீஸ்" என்றால் இரண்டு கிளாஸ். 'சிக்கன்' தட்டில் இருந்தால் திரள், கோழிக்கூண்டில் இருந்தால் உருப்படி. 'ரூம்' இடம் என்ற பொருளில் திரள், அறை என்ற பொருளில் உருப்படி. செம்பனைக் குலையையும் உதிரிப் பழத்தையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது புரியாமல் போகாது.

'லெஸ்', 'ஃபியூவர்' பற்றி ஒரு வார்த்தை. எண்ணிக்கை குறைந்தால் ஃபியூவர், அளவு குறைந்தால் லெஸ் என்பது தேர்வு விதி. இந்த விதியின் வேர் 1770-ல் ராபர்ட் பேக்கர் எழுதிய நூலில் இருக்கிறது. எண்ணிக்கைக்கு 'ஃபியூவர்' நயமாக இருக்கும் என்று அவர் தம் கருத்தாகச் சொன்னது, பின்னால் வந்தவர்களிடம் சட்டமாகிவிட்டது. 2008-ல் பிரிட்டனில் டெஸ்கோ நிறுவனம் பணம் செலுத்துமிடத்தில் "டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்" என்ற பலகையை "அப் டு டென் ஐட்டம்ஸ்" என்று மாற்ற வேண்டிய அளவுக்கு இது பேசப்பட்டது. பணம், தூரம், நேரம் மூன்றும் விலக்கு. எண் வந்தாலும் அவை ஒரே தொகை: லெஸ் தன் டென் ரிங்கிட், லெஸ் தன் ஃபைவ் கிலோமீட்டர்ஸ்.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும்

மலாக்காவில் ஆங்கிலப் பள்ளிக்கூடம் 1826-லேயே வந்துவிட்டது. ஆனால் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டிலிருந்தே ஆங்கிலம் என்ற நிலை 2003-ல்தான் வந்தது. அதற்கு முன் மூன்றாம் ஆண்டில் தொடங்கினோம். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிய யூபிஎஸ்ஆர் தேர்வும் 2021-ல் போய்விட்டது. மனப்பாடம் செய்து கட்டம் நிரப்பும் அவசரம் குறைந்திருக்கிறது. புரிந்து படிக்க இது நல்ல காலம்.

ஆசிரியர்களே, 'மச்', 'மெனி' பாடத்தைப் பாடநூலின் ஆப்பிளிலும் சீஸிலும் தொடங்காதீர்கள். எவ்வளவு, எத்தனை என்ற இரண்டு தமிழ்ச் சொற்களைப் பலகையில் எழுதித் தொடங்குங்கள். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் ஆங்கிலம் கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டாம். இந்தப் பாடத்தில் தமிழ்தான் குறுக்கு வழி.

பெற்றோரே, உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் இதை நீங்கள் கற்றுத்தரலாம். பசார் மாலாமுக்குப் போகும்போது பிள்ளையைக் கூட்டிப் போங்கள். ஒவ்வொரு பொருளையும் காட்டி "இது எத்தனையா, எவ்வளவா?" என்று கேளுங்கள். பிள்ளை தமிழில் பதில் சொல்லட்டும், பிறகு ஆங்கிலத்தில் சொல்லட்டும். ஒத்துப்போகாத சொல் வந்தால் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்த நோட்டு நிரம்பும்போது உங்கள் பிள்ளையின் ஆங்கிலத்தில் இந்தப் பிழை இருக்காது.